கிளிப்பைக் காணோம்

கியர் விழவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

கிளட்சை மிதித்து எந்தப் பக்கம் தள்ளினாலும் கியர் கம்பி ஆடுகிற பல் மாதிரி ஆடியது. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. நியூட்ரலில் நின்றது. அந்த வீடும் பதினாலு மாதமாக அப்படித்தான் நின்றது.

கார் மகளுடையது. பாப்பா என்று கூப்பிடுவார்கள். பாப்பாவுக்கு இருபத்தொன்பது வயது. ஒரு காய்ச்சல் வந்தது. ஏழே நாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மிச்சம் இரண்டு பேர். ஒருவர் ஸ்டோர்க்காரர். பஸ் பணிமனை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கு உதிரி பாகம் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். இன்னொருவர் அவர் மனைவி. இருவருக்கும் நடுவே ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் ஓடியது. "சாப்பிட வாங்க." "கதவைப் பூட்டியாச்சா?" "ம்." மூன்றாவது வாக்கியமா என்று கேட்கக்கூடாது. அந்த வீட்டில் அதுதான் நீளமான பதில்.

மற்ற நேரமெல்லாம் ஸ்டோர்க்காரர் கூடத்து நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலி அது. அவர்தான் திருப்பிப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே கார் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தார். சும்மா எழவில்லை. தீர்மானத்தோடு எழுந்தார்.

"வண்டியைத் தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கு விக்கறதா சொல்லிட்டேன். கியரை மட்டும் சரி பண்ணிக் குடுக்கச் சொன்னார்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"மெக்கானிக்கை வரச் சொல்லவா?"

"மெக்கானிக் எதுக்கு? முப்பத்தொரு வருஷம் நான் என்ன..."

"ஜன்னல்ல உக்காந்திருந்தீங்க."

"ஒவ்வொரு பார்ட்டும் எனக்கு நம்பரோட தெரியும்டீ!"

"நம்பர் தெரியும். எது எங்க போகும்னு தெரியுமா?"

தெரியாது. அதுதான் உண்மை. உண்மையைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வந்தது. ஒரு நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். பழுது: கியர். கழற்றிய பாகங்கள்: எண்ணிக்கையோடு. கடைசிக் கட்டம், பழுது நீக்கியவர். அதில் அப்போதே "நான்" என்று எழுதி, மை காயும்வரை ஊதினார். ஸ்குரூடிரைவரை அதற்குப் பிறகுதான் தேடினார்.

காரில் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே ஒரு நீளமான பிளாஸ்டிக் பெட்டி உண்டு. கன்சோல் என்பார்கள். கியர் கம்பி அதன் வயிற்றிலிருந்துதான் நீட்டிக்கொண்டிருக்கும். பழுது அதற்குக் கீழே. கழற்றாமல் உள்ளே விரல் போகாது.

கியர் குமிழைத் திருகி எடுத்தார். தோல் உறையை உருவினார். கை பிரேக்கை நன்றாக மேலே இழுத்தார், பெட்டியைத் தூக்கும்போது இடிக்காமல் இருக்க. பக்கவாட்டில் இரண்டு திருகாணி ஒளிந்திருந்தது. ஓட்டுகிறவர் சீட்டைப் பின்னால் தள்ளினால்தான் கை எட்டும். பாப்பா குள்ளம். சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டி வைத்திருப்பாள்.

"தள்ளாதீங்க." மனைவி எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "அது அவ வச்ச அளவு."

அவர் திரும்பவில்லை. சட்டைப்பையைத் துழாவினார். ஸ்டோர்க்காரர் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு கிடக்கும். சீட் ஓடுகிற இரும்புத் தடத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு தள்ளினார்.

"டார்ச்சைப் பிடி" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

கன்சோல் மேலே வந்தது. கீழே எட்டிப் பார்த்தார். கேபிளின் முனையில் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் வளையம் பொடிப்பொடியாகக் கிடந்தது.

"என்னாச்சுங்க?"

"புஷ் போச்சு."

"புஸ்ஸுனு போச்சா?"

"புஸ் இல்ல, புஷ்! அது ஒரு பார்ட்!"

"பேரே போற மாதிரிதான் வச்சிருக்காங்க."

கியர் விழாவிட்டால் புஷ்தான் போயிருக்கும் என்று கடையில் சொன்னதால், புது புஷ்ஷை முந்தின நாளே வாங்கி வைத்திருந்தார். உட்கார வைத்தார். கேபிளைக் கியர் கம்பியோடு பிடித்து வைக்கிற ஆணியை நுழைத்தார். இனி ஒரே வேலை. ஆணி நழுவாமல் இருக்க ஒரு சின்ன எஃகுக் கிளிப்பைச் செருகவேண்டும். இரண்டு கால், ஒரு வளைவு. விரல் நீளம்கூட இல்லை. கழற்றியதையெல்லாம் டிபன் டப்பா மூடியில் வரிசையாக வைத்திருந்தார்.

"கிளிப்பை எடு."

மூடியில் கிளிப் இல்லை.

"கிளிப் எங்கே?"

"எந்தக் கிளிப்?"

"இப்ப இங்க இருந்த கிளிப்!"

"என் கொண்டையில இருக்கு."

"உன் கிளிப்பை யாரு கேட்டா? நான் வண்டிக் கிளிப்பைக் கேக்கறேன்!"

"கேட்டீங்க. சொன்னேன்."

முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஜன்னலிலிருந்து ஒரு வாஷர் காணாமல் போனதில்லை. இப்போது சொந்த வாசலில், சொந்தக் கண் முன்னால் ஒரு கிளிப் போய்விட்டது. மண்டியிட்டுத் தேடினார். குப்புறப் படுத்துத் தேடினார். அன்று மாலை மனைவி தலைவலி மாத்திரை வாங்கி வருகிறேன் என்று தெருமுனைவரை போய்வந்தாள். யாருக்குத் தலைவலி என்று அவர் கேட்கவில்லை. தலைவலி அவருக்குத்தானே.

மறுநாள் உதிரி பாகக் கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

"கிளிப் தனியா வராது சார். கேபிளோட செட்டா வரும். பத்து நாளாகும். அவசரம்னா ஒரு கம்பியை வச்சு முறுக்கி விடுங்க."

"கம்பியா?" ஸ்டோர்க்காரர் கடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "என் ஜன்னல்ல ஒரு நாளும் மாத்துப் பொருள் குடுத்ததில்ல." செட்டுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அன்றுமுதல் காலைக் காப்பி குடித்த கையோடு காருக்குப் போவது வழக்கமாகிவிட்டது. சீட் உறையைக் கழற்றினார். கால்மிதியை உதறினார். தரை விரிப்பைச் சுருட்டினார். மனைவி பக்கத்தில் டார்ச்சோடு நின்றாள். அந்த அம்மாள் டார்ச் பிடிக்கிற அழகு தனி. எங்கே கிளிப் இருக்க முடியாதோ அங்கே வெளிச்சம் அடிப்பாள்.

"டார்ச்சை என் மூஞ்சியிலயா அடிப்ப?"

"பார்த்து ரொம்ப நாளாச்சு இல்ல."

அவர் சீட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். அந்த இடத்தை ஏற்கெனவே மூன்று தடவை தேடியாகிவிட்டது.

நாலாம் நாள் கன்சோலைக் கவிழ்த்துப் பார்த்தார். கிளிப் இல்லை. உள்விளிம்பில் ஏதோ ஒட்டியிருந்தது. சாம்பல் நிறத்தில், கல்லாகக் காய்ந்து. சூயிங்கம்.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"விட்டுட்டேன்னு சொன்னாளே" என்றார் அவர்.

"உங்ககிட்ட சொல்லுவா."

"சின்னப் பிள்ளையில நாற்காலிக்கு அடியில எல்லாம் ஒட்டி வைப்பா."

"நீங்கதான் கத்தியால சுரண்டுவீங்க. சுரண்டிக்கிட்டே திட்டுவீங்க. அவ எதிர்ல நின்னு வேற ஒண்ணை மென்னுக்கிட்டே கேப்பா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. தோள் குலுங்கியது. மனைவி டார்ச்சை அணைத்தாள். வெயில் நேரத்தில் அந்த டார்ச் எரிந்ததும் ஒன்றுதான், அணைந்ததும் ஒன்றுதான். ஆனாலும் அணைத்தாள்.

கருவிப்பெட்டியில் கத்தி இருந்தது. அவர் எடுக்கவில்லை. கன்சோலை மெதுவாக நிமிர்த்தி வைத்தார்.

பதினாலு மாதத்தில் அவர்கள் பாப்பாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பிறகு தினமும் ஏதாவது பேச்சு வந்தது. அவள் கார் ஓட்டப் பழகின கதை. வாசல் கேட்டை இடித்துவிட்டு, கேட்தான் குறுக்கே வந்தது என்று சாதித்த கதை. கிளிப் மட்டும் வரவில்லை.

ஏழாம் நாள். அவர் பின் சீட்டில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தார். மனைவி முன் சீட்டில் குனிந்து எங்கேயோ வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் தலை அவர் மூக்குக்கு நேராக இருந்தது. அந்தத் தலையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? போன வருஷம் கருப்பாக இருந்தது. இப்போது பாதிக்கு மேல் வெள்ளை. எப்போது நரைத்தது? நரைக்கும்போது அவர் எங்கே இருந்தார்? நாற்காலியில் இருந்தார்.

வெள்ளைக்கு நடுவே ஏதோ மின்னியது. இரண்டு கால், ஒரு வளைவு.

கோபம் உச்சிக்கு ஏறியது. ஸ்டோர்க்காரர் வீட்டிலேயே திருட்டு! கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

"ஏங்க," மனைவி குனிந்தபடியே கேட்டாள், "முதல் தடவை அவ உங்களை உக்கார வச்சு ஓட்டினப்போ எத்தனை தடவை வண்டியை ஆஃப் பண்ணினா?"

"பதினொண்ணு" என்றது திறந்த வாய். "பன்னெண்டாவது தடவை நான் இறங்கி நடந்து வந்துட்டேன்."

மனைவி நிமிர்ந்து சிரித்தாள். கொண்டையோடு சேர்ந்து கிளிப்பும் ஆடியது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

கிளிப் கிடைத்தால் கியர் விழும். கியர் விழுந்தால் கார் போகும். கார் போனால் இந்தச் சிரிப்பு எங்கே கேட்கும்? சுவர் சிரிக்காது. இத்தனை நாள் எதிரில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

அன்றைக்கு அவருக்குள் ஒரு தந்திரசாலி பிறந்தான். கிளிப்பைத் தவிர எல்லாவற்றையும் தேடினார். கழற்றத் தேவையில்லாத கதவுப் பலகையைக் கழற்றினார். பத்தாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது. "அங்கயே இருக்கட்டும்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தார்.

"யாருங்க?"

"பார்ட் கடை. இன்னும் வரலையாம்."

"அடப்பாவமே" என்றாள் மனைவி.

பெண்டாட்டியை ஏமாற்றிவிட்டதாக நினைக்கிற ஆணுக்கு நடையே மாறிவிடும். அந்த நடையில் பன்னிரண்டாம் நாள் மருந்துக்கடைக்குப் போனார். நல்ல பொய்யாகத் தயாரித்து வைத்திருந்தார்.

"கொஞ்சம் தாமதமாகும். வெளியூர்லேர்ந்து பார்ட் வரணும். கியர் சமாச்சாரம் பாருங்க, மாசக்கணக்கா ஆனாலும் ஆகும்."

மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணுவதை நிறுத்தினார்.

"எதுக்கு சார் எங்கிட்ட சொல்றீங்க? அக்காதான் அன்னைக்கு ஞாயித்துக்கிழமையே வந்து, வண்டி விக்கலைன்னு சொல்லிட்டுப் போனாங்களே. நான் வேற வண்டி வாங்கிட்டேன். அதோ நிக்குது பாருங்க."

பார்த்தார். நின்றது. நீல நிறம்.

திரும்பி வரும்போது பழைய நடை வந்துவிட்டது.

மனைவி காருக்குள் ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். டார்ச் மடியில்.

"விக்கலைன்னு சொல்லிட்டியா?"

"ஆமா. தலைவலி மாத்திரை வாங்கப் போனப்போ."

"விக்கலைன்னு ஆனப்புறமும் கிளிப்பை எதுக்கு ஒளிச்ச?"

அவள் கன்சோல் இல்லாத அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வித்தாலும் நாற்காலிக்குப் போவீங்க. விக்கலைன்னாலும் நாற்காலிக்குப் போவீங்க. அவளும் போயிட்டா. நீங்களும் அங்க போயி உக்காந்துட்டா நான் யார்கிட்டங்க பேசறது?"

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

"கொண்டையில இருக்கறதை நான் அஞ்சு நாள் முன்னாடியே பார்த்துட்டேன்" என்றார். மிச்சம் இருந்த கொஞ்சநஞ்ச கௌரவம் அது.

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நீ குனிஞ்சுதானே இருந்த?"

"நிமிர்ந்தேனே." மேலே தொங்கிய சின்னக் கண்ணாடியைக் காட்டினாள். "பின்னால வர்றதைப் பார்க்கத்தானே இதை வச்சிருக்காங்க? வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

ஸ்டோர் காலி. அவரிடம் எடுத்துக் கொடுக்க இனி ஒன்றுமில்லை.

மனைவி கையைத் தூக்கிக் கொண்டையிலிருந்து கிளிப்பை உருவினாள். முடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது.

"டார்ச்சைப் பிடிங்க."

பிடித்தார். அவர் விரல் தடிமன். அவள் விரல் மெல்லியது. சந்துக்குள் லேசாகப் போயிற்று. ஒரு 'டிக்'. பன்னிரண்டு நாள் வேலை, அரை நிமிஷம்.

"கிளட்சை மிதி" என்றார். சீட் பின்னால் இருந்தது. அவளுக்குக் கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்தாள். எட்டும் இடத்தில் நிறுத்தினாள். அவர் குனிந்து தடத்தைப் பார்த்தார். சாக்பீஸ் கோட்டில் சரியாக நின்றிருந்தது.

அவர் டார்ச்சைக் கோட்டிலிருந்து எடுத்துக் கியர் பக்கம் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு, ரிவர்ஸ். எல்லாம் விழுந்தது.

"அப்புறம், பின் கதவுக் கண்ணாடி இறங்க மாட்டேங்குது" என்றாள் மனைவி, முடியை அள்ளி முடிந்தபடி.

"நேத்து இறங்கிச்சே?"

"இன்னைக்கு இறங்கல."

"எதை எடுத்து வச்சிருக்க?"

"தேடிப் பாருங்க. நாளைக்கு டார்ச் நான் பிடிக்கறேன்."

ஸ்டோர்க்காரர் நோட்டை எடுத்தார். கழற்றியது, மாட்டியது, எண்ணிக்கை சரி. கடைசிக் கட்டத்தில் 'நான்' என்று இருந்தது. ஊதி ஊதிக் காய வைத்த எழுத்து. அழித்தால் போகாது. அடித்தார். பக்கத்தில் எழுதினார்:

பழுது நீக்கியவர்: என் பொண்டாட்டி.