எங்கள் குளத்தால் எவருக்கும் பயனில்லை

அன்புள்ள மைத்துனருக்கு,

நீங்களும் தங்கையும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு மேலே போகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் அக்காவுக்கும் ஒன்றுமில்லை. அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பதைத் தவிர வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. அதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருப்பதால் இதை எழுதுகிறேன். கோபமாக எழுதவில்லை. கடை கடையாகப் போய்த் தராசு சோதித்தே தலை நரைத்தவன் நான். முள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைச் சொல்வேன், அவ்வளவுதான்.

எங்கள் தெருக்கோடிக் குளம் உங்களுக்கு நினைவிருக்கும். போன தடவை வந்தபோது உங்கள் செருப்பில் ஒன்று அதில்தான் போயிற்று. அந்தக் குளத்தால் ஜனங்களுக்கு என்னென்ன பயன் என்று மதிப்பிட நீர்வளத் துறையிலிருந்து ஒரு குழு வரப்போவதாகத் தெருச் சங்கத்துக்குத் தகவல் வந்தது. சங்கச் செயலாளர் என்ற முறையில், அதே துறையின் தலைமை அலுவலகத்தில் நீங்கள் இருக்கிறீர்களே என்று உங்களுக்குப் போன் போட்டேன். "பயன் இருக்குன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க அத்தான், அப்புறம் அதுக்கு ஒரு கட்டணம் போட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நீங்கள் சொன்னதை நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிரித்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். தெருவே உஷாராகிவிட்டது.

குழு என்று வந்தது ஓர் அதிகாரியம்மாளும், அவருக்குக் குடை பிடித்தபடி ஓர் உதவியாளரும். அவர்கள் முறை என்னவென்றால், குளத்தைச் சுற்றி நடந்து, எதிர்ப்படுகிறவர்களிடம் இந்த இடத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பது. வாயால் சொன்னால்தான் கணக்கு, கண்ணால் பார்த்தது சேராது. முதலில் சலவைக்காரர் அகப்பட்டார். கரை முழுக்க அவர் துவைத்த படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. "இதுங்களா? சும்மா காத்து வாங்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்" என்றார் மனிதர். பால்காரரின் எருமை கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக் கிடந்தது. "அது குளிக்கலைங்கம்மா, தவறி விழுந்துடுச்சு" என்றார். "தினமும் விழுமா?" என்று கேட்டார் அதிகாரியம்மாள். "கவனக்குறைவான எருமைங்க" என்றார் பால்காரர். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த தையற்காரரோ, நூல் அழுக்காகிவிட்டது, அலசுகிறேன் என்று சாதித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மீன் மாட்ட, "யாரோடதுன்னு தெரியலையே" என்று முணுமுணுத்தபடி அதைத் திரும்ப விட்டார். பெரிய மீன், மைத்துனரே. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

கடைசியில் என்னிடம் வந்தார்கள். ஆலமரத்தடியில் ஒரு கல் கிடக்கிறதல்லவா, அதில் இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு வழவழப்பாகியிருக்கிறது. "இங்க யார் சார் உட்காருறது?" என்று கேட்டார் அதிகாரியம்மாள். தெரியாது, நான் இந்தப் பக்கமே வருவதில்லை என்றேன். கல்லின்மேல் என் மூக்குக்கண்ணாடி இருந்தது. முந்தின சாயங்காலம் மறந்து வைத்தது. "இது உங்களுதா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆகையால் சங்கத்தின் சார்பில் நான் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்பதை என்னால் படிக்க முடியவில்லை. பயன் எதுவும் இல்லாத நீர்நிலை, மண் போட்டு மூடி லாரிகள் நிறுத்தும் இடமாக்கலாம் என்று எழுதியிருந்ததாம். ஒரு வாரம் கழித்துச் சங்கச் சுவரில் ஒட்டியபோதுதான் தெரிந்தது. அதை எனக்குப் படித்துக் காட்டியவர் தையற்காரர்.

குழு வந்த அன்று உங்கள் அக்கா என் பின்னாலேயே நின்றிருந்தாள். கண்ணாடியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, சுவரில் ஒட்டிய அன்றைக்கு என் முன்னால் வைத்தாள். "நீங்கதான் அந்தப் பக்கமே வர்றதில்லையே. அப்போ இத்தனை வருஷமா அந்தக் கல்லுல என் பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாரு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

நீங்கள் எங்கள் வீட்டில் தங்கியவர், உங்களுக்குத் தெரியாததில்லை. எனக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அவளுக்கு மூடியிருக்க வேண்டும். விளக்கு, விசிறி, கதவுத் தாழ்ப்பாள் என்று எதை எடுத்தாலும் சண்டைதான். ஆனால் சாயங்காலம் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் சண்டை வராது. ஏன் என்று எனக்குத் தெரியாது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவள் ஏதாவது சொல்வாள், நான் உம் கொட்டுவேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்லதாக நடந்த பேச்செல்லாம் அங்கே நடந்ததுதான். அது எனக்கு வேண்டும் மைத்துனரே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆகவே, சிரித்த பாவத்துக்கு நீங்களே மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லி, குழுவை மறுபடி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இந்த முறை தெருவே உண்மையைச் சொல்லும். அதற்கு நான் பொறுப்பு.

குழந்தைகள் நன்றாகப் படித்து, சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிரிப்பவர்களாக வளர என் ஆசீர்வாதம். தங்கையை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் அலமாரியிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் அதிகாரியம்மாள் தானாகவே திரும்பி வந்துவிட்டார். எருமை தினமும் தவறி விழுகிறது என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாம். தெரு இந்த முறை விட்டதைப் பிடிக்கக் கிளம்பிவிட்டது. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் எருமை பாலே கறக்காது என்றார் பால்காரர். அதில் துவைத்த விரிப்பில் படுத்தவருக்கு முதுகுவலி போனதாகச் சொன்னார் சலவைக்காரர். நானும் கல்லைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதிகாரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளைவு, இவ்வளவு பயனுள்ள குளத்தை ஜனங்கள் கையில் விட்டுவைக்கக் கூடாது என்று மேலிடத்தில் முடிவாகி, சுற்றிலும் கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். கல் உள்ளே இருக்கிறது. ஆகவே மேலே எழுதியது அனைத்தையும் அடித்துவிட்டு, உங்கள் செல்வாக்கைப் பயன்படுத்தி, எங்கள் குளத்தின் பயனைக் கொஞ்சம் குறைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, இதெல்லாம் யாரால் வந்தது என்று இருவரும் சத்தம் போட்டோம். குளக்கரையில் நாங்கள் போட்ட முதல் சண்டை அது.