மருமக்கள் வரிசையில் என் பெயரைக் காணோம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

'கல்லுவேலில்' என்னும் வீட்டிலிருந்து உலகன்னான், வயது அறுபத்தாறு, தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவன், வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலம் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. காரணம், தங்கள் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கம்.

சென்ற மாதம் எங்கள் இட்டியவிரா அப்பச்சன் தொண்ணூற்றேழு வயதில் காலமானார். என் மாமனார். மறுநாள் அறிவிப்பு வந்தது. படம் நன்றாக இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். 'மக்கள்' என்று போட்டு சாக்கோச்சன் (சிகாகோ), தேவசியாச்சன் (மஸ்கட்), ரோசம்மா என்றவர்கள், அதோடு நிறுத்தாமல் 'உலகன்னான்' என்று என்னையும் சேர்த்துவிட்டீர்கள். 'மருமக்கள்' வரிசையில் இரண்டு மருமகள்கள் மட்டும். ஐயா, நான் அந்த ரோசம்மாவின் புருஷன். முப்பத்தெட்டு வருடமாக.

அன்று காலை சவப்பெட்டியைச் சுற்றி ஜெபமும் பத்திரிகை வாசிப்பும் ஒன்றாகவே நடந்தன. கோயிலில் மணியடிக்கும் பைலி என் காதருகே வந்து, "எடா, அப்ப நீ கட்டியிருக்கிறது கூடப்பொறந்தவளையா?" என்றான். கேட்டது காதில்தான், சிரித்தது முற்றம் முழுக்க. பெட்டியோடு குடும்பப் படம் எடுக்க வந்த போட்டோக்காரர் தங்கள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, மக்கள் தலைமாட்டுக்கு, மருமக்கள் கால்மாட்டுக்கு என்று பெயர் கூப்பிட்டு நிறுத்தினார். நான் கால்மாட்டில் போய் நின்றேன். "சேட்டா, உங்க பேரு இங்க இருக்கே, வாங்க" என்று தோளைப் பிடித்து இழுத்தார். "நான் மருமகன்யா." "அப்ப உங்க வீட்டுக்காரம்மா எங்க?" "இதோ." "இவங்க மகளாச்சே!" இப்படி நான் மேலும் கீழும் நடந்ததில் படத்தில் எனக்குத் தலையே விழவில்லை. புதிதாக வந்திருக்கும் இளம் பாதிரியார் பிரசங்கத்தில் அப்பச்சனுக்கு மூன்று ஆண்பிள்ளைகள் என்று சொன்னதோடு விடாமல், அடக்கம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கள் திருமணப் பதிவேட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பேன். ஆனால் நான் வீட்டோடு மாப்பிள்ளை, ஐயா. மீனச்சில் ஆற்றின் இரு கரையிலும் அதைவிடக் கேவலமான உத்தியோகம் கிடையாது. டிக்கெட் கிடைக்காமல் அடக்கத்துக்கு வர முடியாத மூத்த மைத்துனர் சாக்கோச்சன் அன்று சாயங்காலமே போன் செய்தார். "அளியா, இத்தன வருஷம் எங்க வீட்ல இருந்தீங்க, சரி. அப்பச்சன் கண்ண மூடினதும் மகனாவே ஆயிட்டீங்களா? பேப்பருக்கு எழுதிக் குடுத்தது யாரு?" நான் கொடுக்கவில்லை என்று மாதாமேல் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. தங்கள் ஏஜெண்ட் தொம்மனின் கடைக்குப் போய் நாலு பேர் முன்னால் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் என்னவோ சொல்ல வந்தான், வாயைத் திறக்கவே நான் விடவில்லை.

அப்பச்சன் இருந்தால் ரசித்திருப்பார். தினமும் பால் விடாத கட்டன் காப்பியோடு அவர் முதலில் திறப்பது தங்கள் மரணப் பக்கத்தைத்தான். "எம்பத்தெட்டாம்! சின்னப் பையன், என்ன அவசரம் இவனுக்கு?" என்பார். மத்தியானம் நாங்கள் சீட்டு ஆடுவோம். அவர் ஏமாற்றுவார், நான் கண்டுபிடிப்பேன், அவர் கோபித்துக்கொள்வார். கடைசி நாலு வருடம் அவருக்குச் சவரம் செய்து, குளிப்பாட்டி, மாட்டிறைச்சியைப் பல்லுக்கு வேலையில்லாமல் நசுக்கிக் கொடுத்தது நான். உப்பு இல்லை என்று கைத்தடியால் தட்டுவார். அன்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, "எடா"தான். நானும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் இப்போது சீட்டுக்கட்டைத் தொடவே மனம் வரவில்லை. அழலாம் என்றால், மகன் மாதிரி நடிக்கிறான் பார் என்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை அப்பச்சனின் நாற்பத்தொன்றாம் நாள் ஜெபமும் விருந்தும். சாக்கோச்சன் வருகிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு ஒரு முகம் வேண்டும். ஆகவே அதற்கு முன் 'உலகன்னான் மகன் அல்ல, மருமகன்' என்று கொட்டை எழுத்தில் திருத்தம் போட வேண்டுகிறேன்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் நீண்ட ஆயுளும், அதன் பிறகு பிழையில்லாத அறிவிப்பும் அருளும்படி கர்த்தரை வேண்டும்,

உலகன்னான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தொம்மன் வந்தான். கோட்டயத்தில் தங்கள் அலுவலகத்துக்கே போய் அசல் தாளை வாங்கிவந்து, "இப்ப பேசலாமா?" என்று என் முன்னால் வைத்தான். ஆறு வருடத்துக்கு முன்பே அப்பச்சன் எழுதி அவனிடம் கொடுத்து வைத்ததாம். அவர் கையெழுத்தேதான். வயது நூறு என்று அவர் போட்டிருந்ததை மட்டும் தொம்மன் மாற்றியிருக்கிறான். என் பெயரை முதலில் மருமக்களில் எழுதி, அடித்துவிட்டு, மக்களில் கடைசியாகச் சேர்த்திருக்கிறார். ஓரத்தில் தங்களுக்கு ஒரு வரி: 'இது பிழை இல்லை. அவன் வந்து சண்டை போடுவான், கேட்காதீர்கள்.'

ரோசம்மாவும் நானும் நன்றாக அழுதோம். சாக்கோச்சன் சனிக்கிழமை வரட்டும், தாளைக் காட்டுகிறேன். ஐயா, தயவுசெய்து திருத்தம் போட்டுவிடாதீர்கள். போட்டால் நிஜமாகவே வந்து சண்டை போடுவேன்.