செவியாரும் அழுத சுவரும்

சுவரோடு பேசுவது நமக்குப் புதிதல்ல. வீட்டுக்கு வீடு மனைவிமார் பல வருடமாக அதைத்தான் செய்கிறார்கள். அந்தச் சுவர் செய்தித்தாளை மடக்காமல் ‘உம்’ கொட்டும். ஆனால் செவியார் விஷயம் வேறு. அவரிடம் சுவரே பேசியது. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, மறுமுனையைச் சுவரில் வைத்து, கண்ணை மூடுவார். எந்தக் காலத்தில் யார் எதற்காக அங்கே அழுதார்கள் என்று புட்டுப் புட்டு வைப்பார். எல்லோரும் அழுதவர்கள்தான். தன் பக்கத்தில் யாரோ வயிறு வலிக்கச் சிரித்தார்கள் என்று ஒரு சுவராவது அவரிடம் சொன்னதில்லை.

ஊரில் இருந்த ஒரு பழைய ஹோட்டலுக்கு அவர் வர ஆரம்பித்ததிலிருந்து வரவேற்புக் கூடத்தில் நிற்க இடமில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி வந்தார். பல் மருத்துவர் வந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் அம்மையாரும் வந்தார். அறை எடுக்கத்தான் ஒருவரும் வரவில்லை.

ஹோட்டல் படுத்துப்போனதற்குக் காரணம் இருட்டு. சாப்பாட்டுக் கூடத்தின் பெரிய ஜன்னல்களை எப்போதோ ஒரு போர்க்காலத்தில் செங்கல் வைத்து அடைத்தார்கள். போர் முடிந்தது, செங்கல் அப்படியே நின்றுவிட்டது. நண்பகலிலும் விளக்குப் போட்டால்தான் தட்டில் இருப்பது மீனா கத்தரிக்காயா என்று தெரியும். இதைச் சரிசெய்து, கட்டடத்தின் பழைய அழகு கெடாமல் உள்ளே புதுசாக்கித் தரத்தான் முதலாளி தன் தங்கை மகளை வரவழைத்திருந்தார். அவள் உள் அலங்கார வடிவமைப்பு படித்தவள். அவள் பொறுப்பில் நடக்கும் முதல் வேலை இது. புது நாற்காலி, புது மேசை, சுவரின் நிறம் என்று அவள் வரைந்ததெல்லாம் அந்த ஜன்னல்களைத் திறப்பதை நம்பித்தான் இருந்தது.

செவியார் அடைத்த ஜன்னலில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். போரில் செத்த ஒரு சிப்பாயின் மூச்சு செங்கலுக்குள் அடைபட்டிருக்கிறதாம். திறந்தால் முதலாளி குடும்பம் தாங்காதாம். அதற்குப் பதிலாகக் கூடம் முழுக்க அடர் சிவப்பில் சாந்தித் துணி போர்த்த வேண்டுமாம். அந்தத் துணி செவியாரின் மைத்துனர் கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்பது தற்செயல். நாம் அதில் குறை சொல்லக் கூடாது.

முதலாளி நல்ல மனிதர், பயந்தவர். வரைபடங்களைச் சுருட்டி மருமகளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“கோவிச்சுக்காதம்மா. நீ போட்டது அழகாத்தான் இருக்கு. ஆனா எனக்கும் புள்ளகுட்டி இருக்கில்ல?”

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை மாத உழைப்பு, ஒரு துணிக்கடைக்காரனுக்காகக் குப்பைக்குப் போகிறதே என்ற ஆத்திரம் வேறு. சுவர் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் அழ வேண்டும். இல்லாவிட்டால் செவியார் அதையும் பிற்காலத்தில் விற்றுவிடுவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். மாடி நடைவழியின் கோடியில் இருக்கும் சுவரையும் அவர் கேட்டுச் சொல்லட்டும். அவர் சொல்வது சரியாக இருந்தால், தானே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னாள்.

மறுநாள் கூட்டம் மாடியேறியது. அந்தச் சுவரைப் பார்த்தாலே மனசு கனத்தது. பூச்சு வெடித்திருந்தது. மேலிருந்து மஞ்சள் கறை ஒழுகியிருந்தது. ஓரத்தில் வரைந்திருந்த பூக்கள் பாதி உதிர்ந்திருந்தன. செவியார் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். உடம்பு நடுங்கியது. குரல் தழுதழுத்தது.

“ஒரு கல்யாணப் பொண்ணு. வர்றேன்னு சொன்னவன் வரல. நூறு வருஷமா இதுலதான் சாஞ்சு நிக்கிறா.”

பல் மருத்துவர் மூக்கை உறிஞ்சினார். இயற்பியல் அம்மையார் தனக்குப் புல்லரித்துவிட்டதாகச் சொல்லி, கையை நீட்டி எல்லோருக்கும் காட்டினார்.

“நல்லாக் கேட்டுட்டீங்களா ஐயா?” என்றாள் தங்கை மகள்.

“செங்கல் செங்கல்லா சொல்லுதும்மா.”

அவள் தச்சரைக் கூப்பிட்டாள். அவர் வந்து நாலா பக்கமும் திருகாணிகளைக் கழற்றினார். இன்னொருவர் கை கொடுக்க, நூறு வருடச் சுவரை அலாக்காகத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார். பின்னால் துணி அறை. படுக்கை விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார்.

“வழியத் திறந்தாச்சா? காலையிலேர்ந்து பின்படி வழியா சுத்திக்கிட்டிருக்கேன்.”

பழைய சுவரில் கை வைப்பதற்கு முன்னால், அதே மாதிரி ஒரு பலகையில் செய்து பார்ப்பது அவள் தொழிலில் வழக்கம். புதுப்பூச்சு பழைய பூச்சோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காக. அந்தப் பலகையைத்தான் அன்று காலையில் நடைவழியை மறித்து நிறுத்தித் திருகியிருந்தாள். துணி அறைப் பக்கமே எட்டிப் பார்க்காத முதலாளிக்கு இது தெரியாது.

“இது ஜிப்சம் பலகை மாமா. கறை டீத்தண்ணி. போன வாரம் நான் ஊத்தினது.”

செவியார் லேசில் விடுகிற ஆளா? ஜிப்சமும் ஒரு காலத்தில் மலையாக இருந்ததுதானே, தான் கேட்டது அந்த மலையின் அழுகை என்றார். நம்ப மாட்டீர்கள், நீதிபதியின் தலை ஆடத் தொடங்கிவிட்டது.

“அப்ப மலைக்குத்தான் மாப்பிள்ளை வரலையா ஐயா?” என்று கேட்டாள் அவள்.

துணி அறை அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு தச்சர். பிறகு அத்தனை பேரும், நீதிபதி உட்பட. செவியார் ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினார். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் துணிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த மைத்துனரும் நாடாவைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

முதலாளி சம்மட்டியோடு அடைத்த ஜன்னல் முன்னால் நின்றார். பயம் முழுசாகப் போகவில்லை.

“இடிச்சா ஒண்ணும் ஆகாதேம்மா?”

“கை வலிக்கும் மாமா.”

அடித்தார். ஒரு செங்கல் விழுந்தது, இன்னொன்று விழுந்தது. சிப்பாயும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. வெயில் வந்தது. முதலாளி தன் ஹோட்டல் தரையின் நிறத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்து, மருமகளின் தலையில் கை வைத்தார்.

இத்தனை படித்தவர்கள் கூடினார்களே, ஒருவராவது முதல் நாளே அந்த மனிதரிடம், ‘இது உமக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டிருந்தால் அந்த வெயில் எப்போதோ உள்ளே வந்திருக்கும். கேள்விதானே, காசா பணமா? கேட்டுப் பாருங்கள்.