மலைப்பக்கத்து மூன்று தட்டு

மலைப்பக்கத்து ஆள் யாருக்கும் என் வீட்டு மாடி அறையை வாடகைக்குத் தருவதில்லை என்று காலையில் முடிவு செய்தேன். சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பினால் மாடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"யாரு அது?" என்றேன்.

"டெய்லரம்மா. மலைப்பக்கம்," என்றாள் என் மனைவி. "நீங்க வேணாம்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அதுக்குள்ள வரச் சொல்லிட்டேன்."

எனக்கு நாட்டின் எல்லா மூலையும் அத்துப்படி. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. கடற்கரைப்பக்கம் முதல் தட்டு, வடக்குப்பக்கம் இரண்டாம் தட்டு, மலைப்பக்கம் மூன்றாம் தட்டு. கடற்கரைக்காரன் வாய்ச்சவடால். வடக்குப்பக்கத்தான் கஞ்சன். மலைக்காரன் செத்தவர்களோடு பேசுகிறவன். இந்த ஊர்கள் எதற்கும் நான் போனதில்லை. எதற்குப் போகவேண்டும்? உறை ஒட்டியிருக்கிற லட்சணமே சொல்லிவிடும்.

தவிர, என் மனைவியின் குரல் எட்டாத ஒரே இடம் அந்த மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் படுத்தால்தான் நான் மனிதன். அதை விட்டுக்கொடுக்க முடியுமா?

அவளைக் கிளப்ப, ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் வழி சொன்னார். அவரை நாங்கள் வானொலி என்போம், வாய் ஓயாது. அந்தி நேரத்தில் மூன்று தட்டுச் சத்தம் கேட்டால் செத்தவர் கூப்பிடுகிறார் என்று மலைப்பக்கத்தில் நம்பிக்கையாம். அந்த வீட்டில் அப்புறம் தங்கவே மாட்டார்களாம். தனக்கே நேற்றுதான் தெரியும் என்றார். யார் சொன்னது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று இருட்டுகிற நேரம். மனைவி கடைக்குப் போயிருந்தாள். ஒட்டடைக் கம்பால் மேல்தளத்தைத் தட்டினேன். டக். டக். டக். மெஷின் நின்றது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மேலிருந்து பதில் வந்தது. டக். டக். டக்.

அவசரமே இல்லாத தட்டு. உள்ளே நாம் இருப்பது தெரிந்தவர் கதவைத் தட்டுவாரே, அந்த மாதிரி. என் சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

டெய்லரம்மாதான், வேறு யார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் அவள் வெளியே போகும்வரை காத்திருந்தேன். ஜன்னலில் பார்த்தால் தெருமுனைக் கடையில் நூல்கண்டு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். மாடி அறையின் சாவி வாசல் ஆணியில் தொங்குகிறது. மனைவி சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறாள். தட்டினேன்.

ஒன்றும் இல்லை. பாத்திரச் சத்தம்கூட நின்றுவிட்டது. அப்புறம் தலைக்கு மேலே, ஆளில்லாத அறையில், டக். டக். டக். சுவர் லேசாக அதிர்ந்தது. அறைக்குள் திடீரென்று குளிர்ந்த மாதிரி இருந்தது. கம்பு பின்வாங்கியது. பிடித்திருந்தவனும்தான்.

திரும்பினால் வாசலில் டெய்லரம்மா. என் முகத்தைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள்.

"பதில் வந்துச்சா, சார்?" என்றாள் மெதுவாக.

தலையாட்டினேன்.

"அப்ப நான் கெளம்பறேன். பதில் வந்துட்டா, தட்டினவங்களைத் தேடி அது கீழ வரும். மேல ஆள் இருக்கற வரைக்கும்தான் வராது."

படியில் குறுக்கே நின்றேன். நீ என் கூடப்பிறந்தவள் மாதிரி, போகவே கூடாது என்று கெஞ்சினேன். அவள் யோசித்தாள். மெஷின் சத்தம் கேட்கிற வீட்டில் அது காலே வைக்காதாம். ஆனால் ஒரு மெஷின் பத்தாதாம். முன் அறையில் நாலைந்து மெஷின் போட்டுத் தையல் வகுப்பு நடத்தினால் பயமில்லையாம். முன் அறையில்தான் என் நாற்காலி, என் செய்தித்தாள், என் மரியாதை எல்லாம் இருந்தன. கொடுத்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். வேறு எங்கே நிற்பது? டீ போட்ட மனைவி, சுவரோரமாக மாடிக்கு ஏறுகிற தண்ணீர்க் குழாயைக் கரண்டியால் தட்டினாள். மேலே கேட்டது, டக், டக், டக். "வரேன்க்கா," என்று டெய்லரம்மாவின் குரல்.

உடம்பு ஜில்லிட்டது. அப்புறம் கொதித்தது. "அப்ப நீதானா அது?"

"மொத நாள் அவங்க. ரெண்டாம் நாள் நான். டீ ஆறுது, குடிங்க."

"மலைப்பக்கத்து நம்பிக்கைன்னாங்களே?"

"அங்க அப்படி எதுவும் கிடையாதாம். நாங்க மூணு பேரும் உக்காந்து தச்சதுங்க அது."

"மூணாவது யாரு?"

முன் அறைப்பக்கம் கண்ணைக் காட்டினாள். எட்டிப் பார்த்தேன். முதல் மெஷினில் வானொலியின் மனைவி. என்னைப் பார்த்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அன்பாகச் சிரித்தாள்.

"வாங்கண்ணே. அந்தக் கம்பு இப்ப சும்மாத்தானே கெடக்கு? இந்த மூலையில கொஞ்சம் ஒட்டடை அடிச்சுடுங்களேன்."