பிறைக்கட்டை இருநூறு முறை விழுந்த விவரம்

தாய்நான்,
இரண்டாம் மாதம், ஐந்தாம் நாள்

பெருமதிப்பிற்குரிய மச்சான் பாங் சிங்-லுங் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் துவான் குவெய்-சியாங் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் நலம். கண் அறுவைச் சிகிச்சை முடிந்து தைப்பேயில் மகள் வீட்டில் ஓய்வில் இருக்கும் தங்களுக்கு இதை அவள்தான் வாசித்துக் காட்டுவாள் என்பதால் மரியாதைக் குறைவாக எதுவும் எழுதமாட்டேன். தாங்கள் அனுப்பிய அன்னாசி கேக்குகள் வந்து சேர்ந்தன. இரண்டு நசுங்கியிருந்தன. அவை எனக்குக் கிடைத்தன.

விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டு வருடங்களாக நம் கோயில் நிலத்தெய்வத் தாத்தாவின் பிறந்தநாளன்று தூபத் தலைவர் பதவிக்கு நானும் அந்தப் பிறை வடிவ மரக்கட்டை ஜோடியைப் போட்டுத் தாத்தாவிடம் சம்மதம் கேட்டு வருகிறேன். தொடர்ச்சியாக யாருக்கு அதிகச் சம்மதம் விழுகிறதோ அவர்தான் தலைவர், தாத்தாவின் சிலை அந்த ஆண்டு அவர் வீட்டில். தாத்தா ஒரு வருடமாவது எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து தங்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. தாத்தா இருபத்திரண்டு தடவையும் மறுத்துவிட்டார். சென்ற ஆண்டு தாங்கள் தொடர்ச்சியாக எட்டு சம்மதம் வாங்கித் தாத்தாவை அழைத்துப் போனீர்கள். "மனசு சுத்தமா இருக்கணும் மாப்பிள்ளை" என்று அன்று விருந்தில் என் தோளைத் தட்டினீர்கள். அதை நான் மறந்துவிட்டேன்.

இதற்கிடையில், ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்ற நான் அரிசி வேகும் நேரத்தைக் குறித்து வைக்கத் தொடங்கியதால், உங்கள் தங்கை என்னைப் பக்கத்துக் கல்லூரியில் நிகழ்தகவும் புள்ளியியலும் என்ற முதலாண்டு வகுப்பில் சேர்த்துவிட்டாள். முதியவர்களுக்கு இடம் உண்டாம். காலை எட்டு மணி வகுப்பு. மாணவர்கள் முட்டை ரொட்டியைத் தின்றுகொண்டே உறங்குகிறார்கள். ஆசிரியை யென், முப்பது வயதிருக்கும், எதையாவது இருநூறு முறை போட்டுக் குறித்து வாருங்கள் என்றார். எல்லோரும் நாணயம் போட்டார்கள். நான் கோயில் காவலர் லாயிடம் சொல்லி, பீடத்தில் இருக்கும் இரண்டு ஜோடி பிறைக்கட்டைகளையும் வாங்கி வந்தேன். ஒன்று பழைய ஜோடி, ஒன்று புதியது. கட்டம் போட்டேன்: ஒரு கட்டை தட்டைப் பக்கம் மேலே தெரிய மல்லாந்தும் மற்றது குப்புறவும் விழுந்தால் சம்மதம், இரண்டும் மல்லாந்தால் தாத்தா சிரிக்கிறார், அதாவது பதில் இல்லை, இரண்டும் குப்புற என்றால் மறுப்பு. நியாயமாக இருநூறில் நூறு சம்மதம் வரவேண்டும். புதிய ஜோடியில் தொண்ணூற்றெட்டு வந்தது. பழைய ஜோடியில் நூற்று முப்பத்தொன்பது.

ஆசிரியை தாளை வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, சும்மா போட்டீங்களா, ஏதாவது கேட்டுக்கிட்டே போட்டீங்களா?"

"கேக்காம போட்டா மரியாதையா இருக்குமாம்மா? ஐம்பது வரைக்கும் கேள்வி இருந்துச்சு. அப்புறம் கேள்வி தீந்துபோய் நலம் விசாரிச்சேன்."

"நூறுக்கு முன்னே பின்னே பதினாலு வரைக்கும் மன்னிக்கலாம் ஐயா. முப்பத்தொன்பதை மன்னிக்க முடியாது. கட்டையில ஏதோ இருக்கு."

லாயைக் கேட்டேன். "பழசுல ஒண்ணு அஞ்சு வருஷம் முன்னாடியே உடைஞ்சுபோச்சு அண்ணே. வேற ஜோடியில மிஞ்சினதைச் சேத்து வெச்சேன். ஒண்ணு பெரும்பாலும் மல்லாந்து விழும், இன்னொண்ணு பெரும்பாலும் குப்புற. நல்ல குடும்பம் மாதிரி" என்றார். மச்சான், தாங்கள் போட்டது அந்தப் பழைய ஜோடி. கை பழகியது என்று நீங்களே கேட்டு வாங்கினீர்கள். நேர்மையான கட்டையில் எட்டு சம்மதம் தொடர்ந்து விழுவது இருநூற்றைம்பத்தாறில் ஒன்று. உங்கள் கட்டையில் ஏறக்குறைய பதினெட்டில் ஒன்று. மனசு சுத்தத்தைப் பற்றி எங்கள் பாடத்தில் எதுவும் இல்லை.

கோயில் குழு கூடியது. தலைவி, இனிப்பு டோஃபு கடை ஜியென் அம்மா, "கட்டை சரியா தப்பான்னு நாம யாரு சொல்ல? தாத்தாவையே கேப்போம்" என்றார். எந்த ஜோடியால் கேட்பது? குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாமல் விசாரிக்கக்கூடாது என்று பழைய ஜோடியையே எடுத்தார்கள். "தாத்தா, இந்த ஜோடி சரியானதுதானே?" சம்மதம், சம்மதம், சம்மதம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாணவன் என்ற முறையில் நான் எழுந்து, இப்போது அதையே திருப்பிக் கேட்கச் சொன்னேன். "தாத்தா, இந்த ஜோடி தப்பானதுதானே?" சம்மதம், சம்மதம், சம்மதம். கடைசியில் லாய்தான், "தாத்தா யாரு மனசையும் நோகடிக்க மாட்டாரு" என்றார். இந்த ஆண்டு எல்லோரும் புதிய ஜோடியில்தான் போடவேண்டும் என்று முடிவானது.

பிறந்தநாள் வந்தது. முப்பத்தொரு குடும்பங்கள். தாத்தா அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார் போலும், எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தார். ஜியென் அம்மாவுக்கே ஏழு! என் முறை வந்தது. உங்கள் தங்கை, "போடு, வழக்கம்போல ரெண்டோட திரும்பி வா, நூடுல்ஸ் ஆறுது" என்றாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஆறாவதில், வேடிக்கை பார்க்க வந்திருந்த என் வகுப்பு மாணவர்கள் எண்ணத் தொடங்கினார்கள், அவர்கள் விழித்திருந்து நான் பார்த்தது அன்றுதான். ஒன்பது, மச்சான்! பத்தாவதில் தாத்தா சிரித்தார். நான் அழுதேன். பட்டாசுப் புகையில் உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள், நாற்பது வருடத்தில் தெருவில் அவள் என் கையைப் பிடித்தது இல்லை. உங்கள் வீட்டிலிருந்து பல்லக்கில் தாத்தா எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார். நேர்மையான கட்டையில் ஒன்பது: ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. இதைத் தோளைத் தட்டாமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

விருந்துக்குப் பதினெட்டு மேசை. உங்களுக்குத் தலைமேசையில் இடம். கண்ணும் உடம்பும் சீக்கிரம் தேறி, தங்கள் மகளோடு வந்து சேர தாத்தா அருள் புரிவாராக. அவர் இப்போது என் நாற்காலிக்கு எதிரேதான் இருக்கிறார், நேரிலேயே சொல்லிவிட்டேன்.

அன்புள்ள,
துவான் குவெய்-சியாங்
(தூபத் தலைவர்)

பி.கு.: உறை ஒட்டுமுன் லாய் வந்தார். பிறந்தநாளுக்கு முதல் நாள் நான்கு கட்டைகளுக்கும் புதுச் சிவப்பு அடித்துக் காயவைத்தாராம். காய்ந்தபின் எது எந்த ஜோடி என்று தெரியாமல் குத்துமதிப்பாகச் சேர்த்தாராம். நாங்கள் போட்ட ஜோடியை வாங்கி, தாத்தா முன்னாலேயே இருநூறு முறை போட்டேன். நூற்று நாற்பத்தொன்று சம்மதம். அதே பழைய ஜோடிதான். இந்தக் கட்டையில் ஒன்பது விழுவது ஏறக்குறைய இருபத்துமூன்றில் ஒன்று. முப்பத்தொரு குடும்பங்களில் ஒருவருக்கு விழுந்ததில் அதிசயமே இல்லை என்று ஆசிரியை தொலைபேசியில் சொல்கிறார். உங்கள் தங்கையோ, "வந்தவரைத் திருப்பி அனுப்பிடுவியா? பென்சிலைக் கீழ வை" என்கிறாள். எனவே மேலே உங்கள் எட்டைப் பற்றி எழுதியதைத் தங்கள் மகள் வாசிக்காமல் தாண்டிவிடவும். நன்றாக யோசித்துவிட்டேன். அந்த எட்டு முழுக்க முழுக்கத் தெய்வ அருள்தான், மச்சான். எனக்கு வந்தது அதைவிட ஒன்று கூடுதல்.