பிள்ளைக்குப் போட்ட ஈரக் கழிவு

கூச்சப்படுகிறவர்களுக்கு ஆசை கிடையாது என்று ஊரில் நினைக்கிறார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் உள்ளுக்குள் எவ்வளவு பெரிய கனவும் காணலாம், யாரும் குறுக்கே வர மாட்டார்கள். நான் அப்படிக் கண்டவள்தான்.

எண்பதுகளின் தொடக்கம். போடிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்தேன். அஞ்சாம் வகுப்புப் படித்தவள் என்பதால் (அங்கே அது பெரிய படிப்பு!) சாயங்காலம் காய் உலர்த்துகிற ஸ்டோரில் காயை எடை பார்த்துச் சொல்வதும் என் சோலி. தராசு காட்டுவதில், காயின் ஈரத்துக்கென்று அரைக் கிலோ கழித்துச் சொல்ல வேண்டும். கங்காணி வைத்த சட்டம். ஈரக் கழிவு என்பார்.

எங்கள் மலைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற தங்கம் சிஸ்டர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பேச்சி, எந்த லயத்து வீட்டுல எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒனக்குத்தான் தெரியுது. சுகாதாரத் தலைவியா ஒன் பேரை எழுதிக் குடுத்திருக்கேன். பெரிய டாக்டரம்மா முன்னால பிள்ளைகளுக்கு எடை பாக்குற முகாமை நீயே நடத்திக் காட்டணும். தேறிட்டா மதுரையில மூணு மாசம் பயிற்சி."

மதுரை! அன்று முதல் காய் பறித்த கை என்னுடையது, மனசு என்னுடையதில்லை. வெள்ளைச் சேலை கட்டி, கையில் நோட்டோடு நான் முன்னால் நடக்க, பனிக்குள் நாற்பது பெண்கள் பின்னால் வருவார்கள். ஒருத்தியும் என்னை எதிர்த்துப் பேச மாட்டாள்.

முகாமன்றும் ஸ்டோர் வாசலில் மூடுபனி. காய் உலர்த்துகிற மணம். உத்தரத்தில் தராசு, அதில் தூளித் துணி, துணிக்குள் பிள்ளை. தாய்மார் சாரலில் நனைந்தபடி வரிசையில் நின்றார்கள். நான் மதுரையில் இருந்தேன். கண் முள்ளைப் பார்த்தது, வாய் எடையைச் சொன்னது, சிஸ்டர் அட்டையில் எழுதினார்.

பத்துப் பிள்ளை ஆனதும் டாக்டரம்மா அட்டைகளைப் புரட்டினார். முகம் கறுத்துவிட்டது.

"என்ன சிஸ்டர், இந்த மலையில பிள்ளைகளுக்குச் சோறே போடுறதில்லையா? இதுவரைக்கும் என்ன வேலை பாத்தீங்க?"

சிஸ்டருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. அப்போது என் தோழி விருமாயி, உருண்டை உருண்டையான தன் மகனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து தூளியில் போட்டாள்.

"ஏத்தா பேச்சி, முள்ளு எட்டுல நிக்கிது, நீ ஏழரைங்குற. எம்மகன்ல அரைக் கிலோ எங்கடி போச்சு?"

நானும் பெருமையாகவே சொன்னேன்: "ஈரக் கழிவு."



"கங்காணி காயிலதாண்டி கழிக்கிறாரு! நீ நாங்க பெத்த பிள்ளையிலயே கழிக்கிறியே!" என்று கத்தினாள் விருமாயி. அவள் போட்ட சத்தத்தில் தராசே ஆடியதாக ஞாபகம். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், பிள்ளைகள் மொத்தமாக அழுதன. நான் அடுக்கியிருந்த சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

விருமாயிதான் வரிசையை மறுபடி நிறுத்தினாள். "ஆத்தா நீ வா, அண்ணே நீ தள்ளி நில்லு" என்று அதட்டி, எல்லாப் பிள்ளையையும் திரும்ப எடை போட வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்த டாக்டரம்மா, சிஸ்டர் எழுதிக் கொடுத்திருந்த தாளை எடுத்து என் பெயரை அடித்து, அவள் பெயரை எழுதினார்.

மதுரைக்கு அவள் போனாள். பஸ் ஏற்றிவிட்டு வந்து இரண்டு நாள் அழுதேன். பிறகு பதினோரு வருஷம் அவளுக்குக் கீழே வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்தேன். தலைவியாக அவள் எனக்கு இட்ட முதல் உத்தரவு: "நீ தராசுப் பக்கம் மட்டும் வந்துராத."

போன மாசம் கொள்ளுப்பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ என்று போனில் சொன்ன என் மகன், நான் வாயைத் திறப்பதற்குள் சேர்த்துச் சொன்னான்:

"ஆத்தா, இது கழிக்காத எடை."