மஞ்சள் மேலங்கியோடு மாயன் படிகளில்

ரண்டர்ஸ், டென்மார்க்.
கார்த்திகை முதல் ஞாயிறு

மதிப்புக்குரிய மூத்த மச்சான் மகேந்திரராசா அவர்களுக்கு,

இவ்விடம் நானும் தங்கள் தங்கை பரமேஸ்வரியும் மகள் மிதுஷாவும் வல்லிபுர ஆழ்வார் தயவில் உடைவு முறிவு இல்லாமல் இருக்கிறோம். இதை வழக்கமான சுகச்செய்தியாக எண்ண வேண்டாம். போன கிழமை எனக்கு இந்த நம்பிக்கை இருக்கவில்லை. போனில் சொன்னால் அவள் பக்கத்தில் இருந்து கேட்பாள் என்பதால்தான் கடிதம்.

பரமேஸ்வரிக்கு அறுபது நிறைந்ததற்காக மிதுஷா எங்களை மெக்சிகோவுக்குக் கூட்டிப்போனாள். மாயன்கள் என்ற பழைய சனம் காட்டுக்குள் கட்டிவிட்டுப் போன நகரங்களைத் தொலைக்காட்சியில் பார்த்த தங்கள் தங்கை, அதை நேரில் பார்க்க வேண்டும் என்று மகளிடம் கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. அவளுக்கு முழங்கால் மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது. நானோ இருபத்தாறு வருடமாக முதியோர் இல்லத்தில் விழுந்தவர்களைத் தூக்கிவிடுகிறவன். மனிதர் எத்தனை விதமாக விழலாம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஆளுக்கொரு விசில், பாம்பு கடித்தால் கட்டுவதற்குத் துணி, வயிற்றோட்டத்துக்கு உப்புத்தூள், இங்கே மாரிகாலத்தில் பிள்ளைகள் வீதியில் போட்டுக்கொண்டு போகும் மின்னுகிற மஞ்சள் மேலங்கி மூன்று என்று எல்லாம் எடுத்து வைத்தேன். மிதுஷா பார்த்துவிட்டு, "ஸ்லாப் ஏ, ஃபா" என்றாள். பதறாதீங்கோ அப்பா என்று டேனிஷில் அர்த்தம். கடைசியில் மேலங்கி போட்டவன் நான் ஒருவன்தான்.

நாங்கள் போன நகரத்தின் பெயர் எக் பலாம். கறுப்புச் சிறுத்தை என்று அர்த்தமாம். இப்போதும் சிறுத்தை இருக்கிறதா என்று வாசலில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். சிரித்தாளே தவிர இல்லை என்று சொல்லவில்லை. உள்ளே போய் ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஒரு ஜெர்மன் கிழவர் வந்து என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். நான் வரும்போது பார்த்து வைத்திருந்ததால் கையைக் காட்டினேன். அதோடு என் மஞ்சள் மேலங்கியைக் கண்டவர்கள் எல்லாரும் என்னை அங்கே வேலை செய்கிறவன் என்று நினைத்து, தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, பேருந்து எத்தனை மணிக்கு என்று சுற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் பரமேஸ்வரியைக் காணவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மலை மாதிரி நின்ற கட்டடத்தில், ஏணி போல நெட்டுக்குத்தான படிகளில், கைப்பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு நாற்பதாவது படியில் நிற்கிறாள்.

"பரமேசு, இறங்கும். முழங்கால்."

"மேல வந்து சொல்லுங்கோ, கேக்கேல்லை."

மச்சான், நான் நாலு காலில் ஏறினேன். பாதிவழியில் சுவரில் சுதையால் செய்த ஒரு பெரிய வாய் பல்லோடு திறந்திருந்தது. அரசன் ஒருவனைப் புதைத்த இடத்தின் வாசல் என்றார்கள். அதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். உச்சியில் அவள் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி நின்றாள். கீழே காடு, கடல் மாதிரி, அந்தம் தெரியாமல்.

"வாரும், போவம்," என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ. முப்பது வருசம் நிலத்தோட இருக்கிற வீட்டிலதான் இருந்தனாங்கள். பல்கனி கேட்டன், விழுவீர் எண்டியள். சைக்கிள் கேட்டன், சறுக்கும் எண்டியள். நான் விழேல்லைத்தான். ஆனா ஒண்டையும் மேல நிண்டு பாத்ததுமில்லை."

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கீழே பார்த்தேன். என் இரண்டு கால்களும் அப்படியே விட்டுப்போயின. அவளுடைய புது முழங்கால் இரும்பு மாதிரி நிற்க, என் சொந்த முழங்கால்கள் இரண்டும் களிமண். விசிலை ஊதப் பார்த்தேன். காற்று மட்டும் வந்தது.

"இஞ்சருங்கோ, இருங்கோ. இருந்து இருந்து இறங்குவம்," என்றாள். எனக்கு ஒரு படி கீழே குந்திக்கொண்டு, என் காலைத் தன் கையால் பிடித்து அடுத்த படியில் வைத்தாள். இப்படி நூறு படி. இருபத்தாறு வருடம் நான் மற்றவர்களுக்குச் செய்ததை அவள் எனக்குச் செய்தாள். நடுவில் தலையைத் திருப்பினேன். மேலே முப்பது பேர், ஜெர்மன் கிழவர் உட்பட, வரிசையாகப் படியில் குந்தியிருந்து ஒவ்வொரு படியாக நகர்ந்து வருகிறார்கள். மஞ்சள் மேலங்கிக்காரர் இறங்கும் முறைதான் அங்கே சட்டம் என்று நினைத்துவிட்டார்கள். கீழே உண்மையான காவலாளி காத்து நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். கையைக் குலுக்கி, இன்றைக்கு ஒருவருக்கும் சறுக்கவில்லை என்றார். கீழேயே காத்திருந்த மிதுஷா நிலத்தில் குந்தியபடி சிரித்தாள். கிட்டப்போய்ப் பார்த்தால் கண்ணீரும் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தங்கள் தங்கை மலைப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகையால் மூத்தவர் என்ற முறையில், அறுபது வயதில் இது போதும், இனி வீட்டில் இரு என்று அவளுக்கு இரண்டு சொல் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் மேல வந்து சொல்லுங்கோ என்பாள். தங்கள் வீட்டு அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. எல்லாரும் வழுக்காத செருப்போடு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனர்,
தவராஜா

பி.கு: ஒட்டிய உறையைத் திறந்து எழுதுகிறேன். அவளைக் கண்டித்து ஒன்றும் சொல்ல வேண்டாம். தை மாதம் ஊருக்கு வருகிறோம். வந்த கையோடு சிகிரியாக் குன்றில் ஏறப்போகிறோம். யோசனை அவளுடையது அல்ல, என்னுடையது. வாடகைக்குப் பேசிய வான் வண்டியில் ஒரு இடம் மிச்சம் இருந்தது, தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.